ஷாஹிதாவின் செல்கள்

அன்வரின் அழைப்பு வந்தபோது நுண்ணோக்கியில் அவர் மனைவி ஷாஹிதாவின் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஷாஹிதா மௌத்தாயிட்டா மேடம்” என்று இறப்பைச் சொன்னார். போனை வைத்துவிட்டு மறுபடி குனிந்தேன். ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

எங்கள் சென்னை ஆய்வுக்கூடத்தில் ஷாஹிதாவோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய தேர்க்கதை மறந்திருக்காது. செல் பிரியும்போது, அதற்கு வடிவம் தரும் இழைகளே கலைந்து, வடங்களாக மாறிக் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கின்றன. எல்லாக் குரோமோசோம்களும் வடங்களில் பிடிபடும்வரை சில புரதங்கள் ‘பொறு’ என்று செய்தி அனுப்பும். அந்தப் புரதங்கள்தாம் ஷாஹிதாவின் ஆராய்ச்சி. “எங்க திருவண்ணாமலைத் தேரை நெனச்சிக்கோங்க. எல்லாரும் வடத்தைப் புடிச்சப்புறம்தான் கொடி காட்டுவாங்க. அந்தக் கொடி காட்றவங்களைத்தான் தேடுறேன்” என்பார்.

அவருக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துணுக்கை ஆய்வுக்குத் தரும்படி மருத்துவர்களிடம் அவரே கேட்டுக்கொண்டார். அந்தச் செல்கள் தட்டில் வளர்ந்ததும் முதலில் பார்த்தவரும் அவர்தான். இழைகள் இரண்டு பக்கம் இழுப்பதற்குப் பதிலாக மூன்று பக்கம் இழுத்தன. வெகுநேரம் பார்த்தார். “எவ்ளோ அவசரம் பாருங்க. கொடி காட்டறதுக்குள்ள கெளம்பிடுச்சி” என்றார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, “நான் போனப்புறமும் இதுங்களை விடாதீங்க. கேள்வி கேட்டுக்கினே இருங்க” என்றார். நான் பதில் சொல்வதற்குள் டீ குடிக்கக் கூப்பிட்டார்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்வர் தயங்கியபடி கேட்டார்: “அவளோட செல்லுங்க இன்னும் உசுரோட இருக்குன்னு சொன்னாங்க. பாக்கலாமா?”

கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். உருண்டு திரண்டு, நடுவில் இடுங்கிப் பிரியும் செல்லை அவர் இமைக்காமல் பார்த்தார்.

“இதுதானே அவளைக் கொன்னுது?”

“ஆமாங்க.”

“ஆனா இதுவும் அவதானே?”

இவற்றை வளர்ப்பதை நிறுத்திவிடச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார்.

“அவ கேட்டுக்கின மாதிரியே செய்ங்க. ஆனா இனிமே எனக்குக் காட்டாதீங்க மேடம்.”

ஷாஹிதாவின் குரல் என் நினைவில் மங்கத் தொடங்கிவிட்டது. மிஞ்சியிருப்பவை இந்தச் செல்கள்தாம். அவர் இறந்த செய்தி அவற்றுக்கு எட்டவேயில்லை. இன்று காலையும் தட்டு நிறைந்திருந்தது. பிரித்து இரண்டு தட்டுகளில் வைத்தேன்.