பதினாலாம் நம்பர் வண்டிக்கு அக்கா கரண்ட் பார்த்த கதை

அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். கடைசி வாய் உள்ளே போகும்போது ஒரு கால் செருப்புக்குள் இருக்கும். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவருடைய அண்ணன் மனைவி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கப்பலில் வேலைக்குப் போய்விட்டதால் ஓரகத்திகள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறோம்.

எங்கள் அறை, கேரவன்கள் வந்து நிற்கிற மைதானத்தில் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் இங்கே வந்து தங்குவார்கள். ஒரு வண்டிக்கு ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கரண்ட் கம்பம். கம்பம் என்றால் இடுப்பு உயரம்தான், அதன் தலையில் ஒரு தகரப் பெட்டி. வண்டியின் கேபிளை அதில் செருகிக்கொள்ள வேண்டியது. அப்படி இருபத்திரண்டு கம்பங்கள். அத்தனையும் அக்காவின் பொறுப்பு. வண்டிக்குள்ளே கோளாறு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் குளியலறைகளைக் கழுவுகிறேன். அக்கா வேலை செய்யும்போது டார்ச் பிடிக்கிறேன். எனக்குப் பேச வராது, ஆனால் டார்ச் ஆடாது.

அக்கா தொழில் கற்றது கல்யாணத்துக்குப் பிறகு, மாமனார் வைத்திருந்த மோட்டார் காயில் கட்டும் கடையில். அங்கே வேலை பார்த்த ஒருவர், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் அளவு பார்க்கப் போய் இரண்டு விரலை இழந்தார். அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சட்டம். மீட்டரை எடுப்பதற்கு முன்னால் வண்டியில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

"ஃபேன், ஃபிரிட்ஜ், லைட்டு, ஒண்ணு விடாம அணைங்க. அணைச்சாச்சா? இப்ப ரெண்டு கையையும் நான் பார்க்கிற மாதிரி வெச்சுக்கோங்க."

பெரிய மனிதர்கள்கூட போலீஸில் மாட்டியவர்கள்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். யார் சிரித்தாலும் அக்கா சிரிக்க மாட்டாள்.

பதினாலாம் நம்பரில் வந்து நின்றவர் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு அந்த வண்டியை வாங்கியிருந்தார். வந்த மூன்றாம் நாளிலிருந்தே தொல்லை. ஃபிரிட்ஜ் திடீரென்று முனகிவிட்டு நின்றுபோகும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கருவி கீச் கீச்சென்று கத்தும். சற்று நேரத்தில் இரண்டும் தானாகச் சரியாகிவிடும். அக்கா முதல் தடவை போனபோது பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கினாள். இரண்டாம் தடவை சார்ஜரையே மாற்றினாள். இரண்டு தடவையும் "இனிமே வராதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு தடவையும் வந்தது.

மூன்றாம் தடவை எழுத்தர் ஐயா காலை பத்து மணிக்கு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"கடைசியா ஒரு தடவை பார்த்துடும்மா. நாலு மணிக்கு ஒருத்தர் வர்றார். வண்டியை வாங்கறவர்."

"வண்டியைக் கொடுக்கப் போறீங்களா?"

"வீட்டுக்காரம்மா தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டிட்டா. அங்க பின்பக்கம் ஒரு ரூம் இருக்காம். அவ இல்லாம நான் இந்த வண்டியை வெச்சுக்கிட்டு யாரைக் கூட்டிட்டுப் போறது?"

அவர் பேசி முடிப்பதற்குள் அக்கா பாதி தூரம் போயிருந்தாள்.

வண்டி வாசலில் அவர் வீட்டு அம்மா நின்றார். "வாம்மா. மூணு நாளா பால் திரிஞ்சு போகுது. இனிமே பன்னீர்க் கடைதான் வைக்கணும்."

"இன்னைக்குக் கண்டுபிடிச்சிடுவாங்க," என்றார் ஐயா.

"நீங்க சும்மா இருங்க. வீட்ல இருந்த முப்பது வருஷத்துல ஒரு பல்பு மாத்தினதில்லை. இப்ப மின்சார வாரியமே இவர்தான்."

அக்கா எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள். இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டார்கள். படுக்கையைத் தூக்கி அடியில் இருந்த பேட்டரியைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால் வோல்ட் காட்டியது, குறையில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி மாட்டினாள். கம்பத்திலிருந்து வருகிற கரண்டைப் பார்க்கச் சுவர் பிளக்கில் மீட்டரின் கம்பிகளைச் செருகினாள். இருநூற்று இருபத்தொன்பது.

"கல்லு மாதிரி நிக்குது," என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

வெளியே வந்து வண்டியைச் சுற்றினாள். மறுபடி உள்ளே போனாள். மறுபடி அளந்தாள். இருநூற்று இருபத்தொன்பது. ஒயரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் வரை தவழ்ந்து போய்த் திரும்பினாள். பதினொன்று அடித்தது, பன்னிரண்டு அடித்தது. ஐயா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஸ்க்ரூ டிரைவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். எனக்கு டார்ச் பிடித்த கை மரத்துவிட்டது.

ஒரு மணி வாக்கில் அம்மா என்னிடம், "வெளிய பாத்திரம் துடைக்கிற துணி காயுது, எடுத்துட்டு வர்றியா?" என்றார்.

காலையில் தூறல் போட்டிருந்தது. வானம் மூடியே கிடந்தது. கொடியில் கிடந்த துணிகளில் இன்னும் நீர் சொட்டியது. பாத்திரத் துணி மட்டும் கொடியில் இல்லை, கம்பத்தின் பெட்டிமேல் விரித்திருந்தது. எடுத்தேன். இஸ்திரி போட்டதுபோல மொடமொடவென்று இருந்தது. அந்தப் பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. அதன்மேல் துணி எப்படிக் காய்ந்தது என்று தெரியவில்லை.

உள்ளே வந்து அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "எப்பவும் அங்கதான் போடுவீங்களா?"

"ஆமா. அங்க போட்டா அரை மணியில காயுது. இந்த வண்டியில உருப்படியா வேலை செய்யறது அது ஒண்ணுதான்."

நான் அக்காவின் காதருகே போய்ச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, என் குரல் அப்படி.

"கம்பத்துலயா?" என்று அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கரண்ட் பெட்டி மேல ஈரத்துணி போடுவாங்களா? உங்களுக்கு உசுரு வேண்டாமா?"

"சூடா இருந்துச்சு, போட்டேன்."

"எப்ப சூடா இருந்துச்சு?"

"காலையில. கெட்டில்ல தண்ணி கொதிக்கும்போது, ஏசி ஓடும்போது, அப்பல்லாம்."

அக்கா மீட்டரைப் பார்த்தபடி நின்றாள். அவள் அசையாமல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் அணைத்த பிறகு நாங்கள் அளந்துகொண்டே இருந்தோம். கம்பியில் கரண்ட் ஓடினால்தானே சூடு வரும், ஓடும்போதுதானே குறை தெரியும்.

மீட்டரின் கம்பிகளைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு அக்கா இரண்டடி தள்ளி வந்தாள். எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"கெட்டிலைப் போடுங்க."

அம்மா போட்டார். இருநூற்று ஐந்து.

"ஏசி."

நூற்று எழுபத்தெட்டு. ஃபிரிட்ஜ் முனகிவிட்டு நின்றது. சார்ஜர் கத்தத் தொடங்கியது.

"அணைங்க, அணைங்க," என்று அக்கா ஓடினாள்.

அலுவலகத்தில் மெயினை நிறுத்திவிட்டு வந்து கம்பத்தின் பெட்டியைத் திறந்தாள். நான் டார்ச் அடித்தேன். சாக்கெட்டின் பின்னால் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, ஒயர் கருகி, பிளாஸ்டிக் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. கேபிள் முனையின் பிளக்கிலும் ஒரு பின் கருத்திருந்தது.

"இந்த சாக்கெட்டை மாட்டினது நான்தான்," என்றாள். யாரும் கேட்கவில்லை.

கையிருப்பில் சாக்கெட் இல்லை. காலியாகக் கிடந்த பத்தொன்பதாம் கம்பத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். கருகிய ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினாள். பிளக்கையும் மாற்றினாள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மூன்றரை மணிக்கு, கெட்டில், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றும் ஓட, மீட்டர் இருநூற்று இருபத்துநாலில் நின்றது. அக்கா இறங்கிப் போய் பெட்டியைத் தொட்டாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டாள். சில்லென்றுதான் இருந்தது.

வாங்குகிறவர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். டயரை உதைத்துப் பார்த்தார். "கரண்ட்ல ஏதோ தகராறுன்னு சொன்னீங்களே?"

ஐயா அம்மாவைப் பார்த்தார். அம்மா தான் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார்.

"தகராறு வண்டியில இல்லைங்க," என்றாள் அக்கா. "எங்க கம்பத்துல. ரெண்டு தடவையும் நான்தான் தப்பாப் பார்த்தேன்."

"அப்ப வண்டி நல்ல வண்டி," என்று அவர் முகம் மலர்ந்தார். "பேசின மாதிரியே எடுத்துக்கிறேன்."

"நல்ல வண்டின்னா நாங்க ஏன் கொடுக்கணும்?" என்றார் அம்மா.

"நேத்து ஐயா சொன்னாரே..."

"நேத்து இது கெட்ட வண்டி."

அவர் போன பிறகு அம்மா அக்காவிடம் வந்தார். "உன் மேல எனக்குக் கோவம் இன்னும் போகலை. மூணு நாள் பாலை வீணாக்கிட்டே. நாளைக்குக் காலையில நாங்க கிளம்பறோம்."

"தங்கச்சி வீட்டுக்கா?" என்றார் ஐயா.

"கடல் பக்கம்னு ஏதோ சொல்லிட்டே இருந்தீங்களே, அங்க. அவ வீட்ல அந்த ரூம்ல ஜன்னலே இல்லை."

அக்கா அன்று தூங்கவில்லை. அவள் "நல்லா இருக்கு" என்று சொன்ன கம்பங்கள் இன்னும் எத்தனை என்று புரண்டுகொண்டிருந்தாள். விடிந்ததும் முதலாம் நம்பரில் கதவைத் தட்டி, ஒவ்வொரு வண்டியாக எல்லாவற்றையும் போடச் சொல்லி அளந்துகொண்டு போனாள். தூக்கக் கலக்கத்தில் திட்டு விழுந்தது. நாலாம் கம்பமும் ஒன்பதாம் கம்பமும் சுட்டன.

பதினாலாம் நம்பர் வண்டி மைதான வாசலைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் வழியாகக் கை காட்டினார். அக்கா ஒன்பதாம் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தாள், பார்க்கவில்லை. நான்தான் பதிலுக்குக் கையை ஆட்டினேன். "வெளிச்சத்தை ஆட்டாதடீ," என்றாள் அக்கா.