கூடு எண்ணக் கட்டிய கண்ணாடி

1. நானூறு

அரசாங்க ஆபீசில் ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது நம் கழுத்தைப் பிடிக்காமல் விடாது. கிராம சேவக் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் இதைத் தெரிந்துகொண்டேன். அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவுக்குள் இருந்தது. குளத்தூர் தாலுகாவில் ஏழு கிராமங்கள் என் பொறுப்பு. விதை, உரம், கம்போஸ்ட் குழி என்று நாள் முழுக்கச் சைக்கிளில் அலைவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு அதிகாரி முகம் சுளித்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த லட்சணத்தில் பறவை பார்க்கிற பைத்தியம் வேறு. தொற்ற வைத்தவர் ஆவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஆரோக்கியசாமி சார். மூன்றாவது ஆள் சைக்கிள் கடை சாகுல் பாய். மலாயாவிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்த பைனாகுலர் அவரிடம் இருந்ததால் அவர் இல்லாமல் சங்கமே இல்லை. சங்கம் என்றால் நாங்கள் மூன்று பேர், அந்தப் பைனாகுலர், ஒரு நோட்டு, அவ்வளவுதான். கார்த்திகை தொடங்கி மாசி வரை, ஞாயிற்றுக்கிழமை சார் பூசை முடிந்து வந்ததும் ஏதாவது ஒரு கண்மாய்க்குக் கிளம்பிவிடுவோம். வடக்கேயிருந்து வந்து இறங்கும் கிளுவை வாத்துகளை எண்ணுவோம். கண்ணி வைக்கிறவர்களிடம் கெஞ்சுவோம். நன்றாகத் திட்டு வாங்குவோம். மறுவாரம் வெட்கமில்லாமல் மறுபடியும் போவோம்.

அந்த வருஷம் நல்ல மழை. பெரிய கண்மாயின் உள்வாயில், தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. தை பிறந்ததும், அந்த மரங்களை விறகுக்கு ஏலம் விடப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். கூட்டில் குஞ்சு இருக்கிறது. மரம் விழுந்தால் குஞ்சும் தண்ணீரில் விழும். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உடனே தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினோம். சார் எழுதினார், நான் சொன்னேன். "நானூறு கூடுகளுக்குக் குறையாமல்" என்று வாக்கியத்தை முடித்தவன் நான்தான். கரையில் நின்று பார்த்த குத்துமதிப்பு அது. நானூறு என்றால் கேட்கக் கம்பீரமாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டே நாளில் துணைத் தாசில்தார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நானூறுன்னு எழுதியிருக்கீங்களே, எண்ணினீங்களா?"

"எண்ணிரலாங்க சார்."

"எண்ணிரலாமா? எண்ணாமலா எழுதுனீங்க?" பேனாவை மூடி வைத்தார். "புதன்கெழம பத்தரைக்கு நானே வாரேன். எண்ணின கணக்கோட நில்லுங்க. நானூறு இருந்தா ஏலத்தத் தள்ளிவைக்க எழுதுறேன். இல்லேன்னா மரத்த வெட்டத்தான் செய்வாங்க. பொய்யா மனுக் குடுத்ததுக்கு ஒங்க மேலயும் எழுதுவேன்."

2. பாயின் யோசனை

கூடு மரத்தின் உச்சியில். கீழேயிருந்து பார்த்தால் வெறும் சுள்ளிதான் தெரியும். முட்டை இருக்கிறதா, குஞ்சா, காலியா என்று தெரியாமல் எதை எண்ணுவது? பாய்தான் வழி சொன்னார். கடையில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, நீளமான மூங்கில் கழியின் நுனியில் சாய்வாகக் கட்டினார். கழியைக் கூட்டுக்கு மேலே உயர்த்தினால் உள்ளே இருப்பது கீழே நிற்பவனுக்குத் தெரியும்.

"சலூன்ல பின்கழுத்தக் காட்டுவான்ல சார், அதே சங்கதிதான்" என்றார்.

சார் மட்டும் தாடையைத் தடவினார். "பறவ பயந்துக்காதா பாய்?"

"பறந்தா திரும்பி வராமலா போகும்? நம்ம என்ன கல்லா எறியுறோம்?"

"அதானே!" என்று நான் பலமாகத் தலையாட்டினேன். எனக்கு நானூறு வேண்டும், வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீரில் இறங்கினோம். இடுப்பளவு ஆழம், ஐஸ் மாதிரிக் குளிர். பாய் கழியைப் பிடித்தார். சார் பார்த்துச் சொன்னார். லாரி டியூபின் மேல் பலகை போட்டு நோட்டை வைத்து நான் எழுதினேன். முதல் கூட்டில் மூன்று குஞ்சுகள். கண்ணாடிக்குள் மூன்று வாயும் திறந்து எங்களைப் பார்த்துக் கத்தின. அடடா, அந்த ஒரு நிமிஷம் நான் எல்லாக் கவலையையும் மறந்து சிரித்தேன். ஒரு மரத்தில் தாய்ப்பறவை எழும்பிப் பறக்கும், நாங்கள் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வோம். விட்டுவந்த மரத்தில் அது திரும்ப உட்கார்ந்ததா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்றாவது கூட்டை எழுதும்போது வெயில் ஏறிவிட்டது. பாய் கழியைத் திருப்பினார். கண்ணாடியில் சூரியன் விழுந்து, வெளிச்சம் பளீரென்று மரங்களின் மேல் ஓடியது. அவ்வளவுதான். சடசடவென்று மொத்தக் கூட்டமும் எழும்பியது. வானமே வெள்ளையும் கறுப்புமாகச் சுற்றியது.

"பாய், கண்ணாடிய எறக்குங்க!"

"எறக்கிட்டேன் சேவக்கு! எறக்கியும் ஒக்கார மாட்டேங்குதே!"

பறவைகள் உட்காரவில்லை. காக்கைகள்தான் உட்கார்ந்தன. எங்கேயிருந்துதான் வந்தனவோ, நாங்கள் விட்டுவந்த மரங்களில் கூட்டுக்குக் கூடு தாவின. ஒரு காக்கை குஞ்சின் கழுத்தைக் கவ்வித் தூக்கியதைப் பார்த்தேன். சார் "சூ! சூ!" என்று தண்ணீரை அடித்தார். அந்தச் சத்தத்துக்கு நாரைகள் இன்னும் மேலே போயின. "சேசுவே, நம்மதான் வெரட்டுறோம்" என்று கையைக் கீழே போட்டார். காக்கை எட்டாத கூடுகளில் குஞ்சுகள் வெயிலில் வாய் பிளந்து மூச்சு வாங்கின. இரண்டு மூன்று, கழுத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டிருந்தன.

அப்போது கரையில் ஜீப் ஹாரன் கேட்டது.

3. ஜீப்

நோட்டில் நாற்பத்தொன்று. இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றால் ஓரளவு கணக்குக் காட்டலாம். வெளியே வந்தால் கணக்கு இல்லை, மரம் இல்லை, என் வேலையும் இல்லை.

"தம்பி, நீ சொல்லு" என்றார் சார். "போனா ஒன் வேலதான் போகும். எங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"வெளிய போயிருவோம் சார்." நோட்டை மூடினேன்.

மூவரும் ஈரத்தோடு கரையேறினோம். மரங்களுக்கு நேர் எதிரே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. முதல் மடைக்குக் கீழே வயல் வைத்திருந்த அழகம்மாள், புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்றார் அதிகாரி.

"நாப்பத்தொண்ணுங்க. இனிமே எண்ண முடியாதுங்க. எண்ணினா குஞ்சு செத்துரும்."

"அப்ப நானூறு?"

"குத்துமதிப்பா எழுதுனதுங்க. என் தப்பு. சார், அது கெடக்கட்டும், மொதல்ல ஜீப்ப அங்கிட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்க. நம்மளும் கரைக்குக் கீழ எறங்கிருவோம். நம்ம தலை தெரியுற வரைக்கும் தாய்ப்பறவ எறங்காதுங்க."

டிரைவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தற்காலிக கிராம சேவக் ஒருவன் துணைத் தாசில்தாரைக் கரையை விட்டு இறங்கச் சொல்கிறான்.

"என்னையவா எறங்கச் சொல்றீங்க?"

அழகம்மாள்தான் முந்திக்கொண்டாள். "எறங்குங்க சாமி, கீழ என் வயலப் பாருங்க. இந்தக் கொக்குக நாத்தம் கொடலப் பெரட்டும், நெசந்தான். ஆனா அதுக எச்சம் கரைஞ்ச தண்ணிதான் என் வயலுக்கு உரம். தெக்குக் கண்மாயில கொக்கும் இல்ல, அங்கிட்டு இப்பிடிப் பயிரும் இல்ல. இந்தப் பச்சையப் பாத்துட்டு ஏலம் விடுறதுன்னா விடுங்க."

அவர் இறங்கினாரே, அதற்குக் காரணம் நானா அவளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜீப் போனது. ஐந்து பேரும் கரைச்சரிவில் தலை தெரியாமல் குந்தினோம். பாய் மட்டும் பைனாகுலரோடு புல்லில் படுத்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு நிமிஷமும் "எறங்குச்சா?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "இல்ல" என்றார். அரைமணி நேரம் இருக்கும். எனக்கு அரை நாள்.

"யா அல்லா... ஒண்ணு எறங்குது."

பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாதபடி. அதிகாரி கையை நீட்டிப் பைனாகுலரை வாங்கினார். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு புல்லில் படுத்துவிட்டார்.

"என்னய்யா இது, றெக்கைய விரிச்சுக்கிட்டு அப்பிடியே நிக்குது?"

"குஞ்சுக்கு நெழல் குடுக்குதுங்க" என்றார் சார்.

அதன் பிறகு அவர் நெடுநேரம் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை.

4. விளக்கம்

மறுவாரம் இரண்டு காகிதங்கள் வந்தன. பறவைகள் போகும்வரை ஏலம் நிறுத்தம் என்று ஒன்று. தவறான எண்ணிக்கை கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ ஒன்று. மனிதர் சொன்ன இரண்டையும் செய்துவிட்டார். எனக்கு நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

பங்குனியில் பறவைகள் கிளம்பிவிட்டன. கண்மாய் வற்றியிருந்தது. மூவரும் வெடித்த தரையில் நடந்து, அவசரமில்லாமல், ஒரு பறவையைக்கூட எழுப்பாமல் காலிக் கூடுகளை எண்ணினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு. இவ்வளவு சுலபமான வேலைக்கா அந்தப் பாடு என்று பாய் கேட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் கண்ணாடியோடு புகுந்த மரங்கள். அடியில் காய்ந்த சேற்றில் சின்னச் சின்ன எலும்புகள், அலகுகள். மற்ற மரங்களின் கீழேயும் அங்கொன்று இங்கொன்று கிடந்தன. இங்கேதான் அத்தனை.

"இதையும் எண்ணி எழுதுங்க சேவக்கு" என்றார் பாய். பத்தொன்பது. சார் திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மெமோவுக்குப் பாதியில் விட்டிருந்த பதிலை அன்று மாலைதான் மறுபடி எடுத்தேன். நானூறு என்று எழுதியது என் தவறு என்று ஒரு வரி ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதன் கீழே, அதை நிரூபிக்கப் போனது அதைவிடப் பெரிய தவறு, அதில் பத்தொன்பது குஞ்சுகள் செத்தன என்றும் சேர்த்தேன். ஆபீசில் இரண்டாவது வரி யாருக்கும் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் எங்கள் சங்கத்தில் கூட்டைப் பங்குனியில்தான் எண்ணுவோம். இப்போது பறவை பார்க்கக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம், எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று கேட்கிறார்கள். கரைக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், பறவை எழும்பினால் உடனே கிளம்பி வந்துவிடுங்கள் என்பேன். எண்ணிக்கை வேண்டுமே ஐயா என்றால், நோட்டை எடுத்து அந்தப் பத்தொன்பதைக் காட்டுவேன்.