கீழாநெல்லி மோர்

எவர்சில்வர் டம்ளரில் பச்சையாக நுரைத்திருக்கும் அந்த மோரை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில், இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் எங்கள் பிரிவுக்கு மட்டும் திங்கட்கிழமை தோறும் அது வரும். பேக்கிங் பிரிவுக்குக் கிடையாது, பெயிண்டுக்குக் கிடையாது. கொடுப்பவர் எங்கள் தொழிற்பாதுகாப்பு அதிகாரி. கேன்டீனுக்குப் பின்னால் பாத்தி கட்டிக் கீழாநெல்லி வளர்த்த மகான். பக்கத்தில் நின்று, குடித்து முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே பார்ப்பார்.

கழுவுவதற்கு டிரைகுளோர் என்றொரு திரவம். பார்க்கத் தண்ணீர் போல இருக்கும், வாசனை லேசாகத் தித்திக்கும். சூடான தொட்டியிலிருந்து எழும் அதன் ஆவியில்தான் நாள் முழுக்கக் குனிந்து நிற்போம். என் மனைவியின் தம்பியும் உத்தனப்பள்ளியிலிருந்து வந்து என்னோடு நின்றான். அவனுக்குக் கண் மஞ்சளித்தது. தேறி வேலைக்கு வந்தான், மறுபடி மஞ்சளித்தது. பேக்கிங்குக்கு மாற்றிவிடச் சொல்லி அதிகாரியின் அறைக்குப் போய் நின்றோம்.

"ஏம்பா, கண்ட எடத்துல பானிபூரி தின்னுட்டு கம்பெனிய கொற சொல்றியா? தண்ணிய கொதிக்க வெச்சுக் குடி. அதான் மோர் குடுக்கறமில்ல?"

"வா மாமா, போலாம்" என்று அவன்தான் என் கையைப் பிடித்து இழுத்தான். அடுத்த மழைக்காலத்தில் வயிறு வீங்கிச் செத்தான். மாலையோடு வந்த அதிகாரி, பச்சிலையை ஒழுங்காகச் சாப்பிட்டானா என்று என் மனைவியிடம் விசாரித்தார். மனிதரின் அக்கறை அப்படி!

போன மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் தொழிற்பாதுகாப்புக் கூட்டம். இப்போதைய கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. மேடையில், ஓய்வுபெற்ற நிபுணராக அவர். திரையில் டிரைகுளோர் மூலக்கூறின் படத்தைப் போட்டார்.

"ரெண்டு கார்பன், ஒரு ஹைட்ரஜன், மூணு குளோரின். இவ்ளோதான். ஆனா லிவர அடிச்சிரும், காமாலை வரும்னு ஆராய்ச்சியில என்னிக்கோ சொல்லிட்டாங்க. நான் சர்வீஸ்ல சேந்தப்பவே படிச்சிட்டேன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். கைதட்டினார்கள். தெரியாமல் செய்தவனையாவது மன்னித்துத் தொலைக்கலாம். இவர் எல்லாம் தெரிந்து பாத்தி கட்டியிருக்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நேரமிருந்த மனிதருக்கு, ஒருவனை அந்தத் தொட்டியிலிருந்து தள்ளி நிறுத்த மனமில்லை. இவ்வளவு அற்பமான ஆளுக்கா பயந்து கைகட்டி நின்றோம் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

இடைவேளையில் மோர் கொடுத்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, அவரே ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

"நல்லாருக்கியாப்பா? உங்கூட ஒரு பையன் இருப்பானே, கண்ணெல்லாம் மஞ்சளா... இப்ப எங்க இருக்கான்?"

"நீங்கதான சார் வந்து மாலை போட்டீங்க" என்றேன்.

டம்ளரை நான் வாங்கவில்லை. அது அவர் கையிலேயே இருந்தது.