சிவபாக்கியம் என்று ஒருத்தி இல்லை

ஹட்டனில் தமிழ் படிப்பிக்கும் சுதாகரன் சாருக்குச் சந்தேகம் பிறவியோடு வந்தது. பனடோல் மாத்திரை வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். அப்படிப்பட்டவரிடம் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பைக் கொடுத்தது யார் செய்த புண்ணியமோ. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அவருக்குத் தூக்கமே போய்விட்டது. நல்ல வாக்கியம் ஒன்றைக் கண்டால், இதை யார் எழுதிக் கொடுத்தது என்றுதான் முதலில் நினைப்பார்.

லோஜினி லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. கொழுந்தெடுக்கும் பெண்களைப் பேட்டி கண்டு கட்டுரை அனுப்பியிருந்தாள். அது அச்சேறினால்தான் முதுகலைப் பட்டம் கைக்கு வரும். கட்டுரையின் அடியில், ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு திருத்தியதாக ஒளிக்காமல் எழுதியிருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. சொல்லாதவர்களையெல்லாம் விட்டுவிட்டு, சொன்னவளைப் பிடித்துக்கொண்டார் சார்.

கட்டுரையில் அதிகம் பேசியிருந்தவள் சிவபாக்கியம் என்ற தொழிலாளி. அட்டைக்கடி, மழையில் நின்றபடி தின்ற ரொட்டி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப்போய் வேலையில்லாமல் திரும்பிய காலை என்று அவள் சொன்னதெல்லாம் அத்தனை உயிரோடு இருந்தது. இவ்வளவு நன்றாக ஒருத்தி பேசுவாளா? சார் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசல் ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒருவருக்கும் அந்தப் பேர் தெரியவில்லை. கடைசி வீட்டுக் காம்பராவில் தேத்தண்ணி கொடுத்த பெண், மாமி கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருப்பதாகவும், அப்படி ஓர் ஆள் இந்த லயத்திலேயே இல்லை என்றும் சொன்னாள். தன் சந்தேகம் பலித்துவிட்டதென்று சாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அன்று மாலையே மின்னஞ்சல் பறந்தது. கட்டுரை நிராகரிக்கப்பட்டது, பேட்டி கொடுத்த பெண் இயந்திரத்தின் கற்பனை என்று. பிரதி லோஜினியின் பல்கலைக்கழகத்துக்கும், தெரிந்த ஆய்விதழ்கள் எல்லாவற்றுக்கும் போயிற்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பொய்தானே சொல்வாள் என்பது அவர் நினைப்பு.

அடுத்த வாரம் லோஜினி ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். சார் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தாங்க சிவபாக்கியம். லயத்துல காளியாயின்னாதான் தெரியும். அன்னைக்கு நீங்க எங்க வீட்லதான் தேத்தண்ணி குடிச்சிருக்கீங்க. மருமகளுக்கு என் கார்டு பேரு தெரியாதுங்க."

அச்சில் வருவதென்றால் அட்டைப் பேரே வரட்டும் என்று கேட்டவளும் அவள்தானாம்.

சாருக்கு முகம் செத்துப்போயிற்று. அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மாவுக்கே அட்டையில் ஒரு பேர், வாசலில் கூப்பிட ஒரு பேர். கொழும்பிலிருந்து வந்தவன் இப்படித் தவறியிருந்தால் போகட்டும் என்று விடலாம். இவருக்கு என்ன கேடு?

மன்னிப்புக் கேட்டார். இந்த இதழிலேயே கட்டுரையைப் போட்டுவிடுவதாகச் சொன்னார். லோஜினி இறங்கி வரவில்லை. பல்கலைக்கழகத்தில் அவள்மேல் விசாரணை தொடங்கிவிட்டது. கூடப் படித்தவர்கள் போனை எடுப்பதில்லை.

"கட்டுரை கெடக்கட்டும் சார். நான் பொய்க்காரின்னு யார் யாருக்கு எழுதுனீங்களோ, அவங்க எல்லாருக்கும் நீங்க சொன்னதுதான் பொய்யின்னு எழுதுங்க. இப்பவே, எங்க முன்னால."

சார் கணினியைத் திறந்தார். காளியாயி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அனுப்புறதுக்கு முன்னால எனக்கு வாசிச்சுக் காட்டுங்க சார்," என்றாள்.