ஐந்து மணி ஒரு நிமிடம்

அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடியது. அதை அப்படி ஓடவிட்டவன் நான். அதனால் ஒரு பெண்மீது பெரும்பழி விழுந்தபோது, உண்மை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றவனும் நானே!

முதலில் செய்தது பிழை. இரண்டாவதாகச் செய்ததற்கு என்ன பெயர் என்பதை நீங்களே சொல்லுங்கள்...

நான் கேமரா மாட்டும் தொழில் செய்கிறவன். பல ஆண்டுகள் இன்னொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக எடுத்த முதல் பெரிய வேலை அது. தஞ்சாவூரில் புது ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. மொத்தம் எட்டுக் கேமராக்கள். அவை பார்ப்பதையெல்லாம் சேமித்து வைக்கும் பதிவுப் பெட்டி, குடியிருப்புச் செயலாளரின் வீட்டு முன்னறையில்.

ஒவ்வொரு கேமராவையும் பெட்டியோடு இணைத்தேன். கடவுச்சொல் வைத்தேன். கடைசியாக நேரம். எந்த ஊர் நேரம் என்று பெட்டி கேட்கும். நீளமான பட்டியல் ஒன்று விரியும். காபூல், அதற்குக் கீழே இஸ்லாமாபாத், அதற்கும் கீழே சென்னை. என் விரல் மவுஸில் நழுவியிருக்க வேண்டும். சென்னையில் நிற்க வேண்டியது காபூலில் நின்றுவிட்டது. அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் குறைவு.

கைப்பேசியைப் பார்த்து நேரத்தைச் சரியாகத்தான் வைத்தேன். இனிமேல் இணையத்தைப் பார்த்துத் தானாகவே திருத்திக்கொள்ளும்படியும் அமைத்துவிட்டுக் கிளம்பினேன். நான் படியிறங்கிய பிறகு, பெட்டி காபூல் கணக்குப்படி தன்னைத் திருத்திக்கொண்டது. திரையின் மூலையில் எறும்பளவு எழுத்து. இரண்டு மாதம் அதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது மாடியில் ராமநாதன் சார் இருந்தார். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்டது. மகள் கல்பனா வங்கியில் வேலை. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் சாரைப் பார்த்துக்கொள்ள வசந்தா அக்கா வருவார். அம்மாப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அவர் பொறுப்பு. ஆறேகால் வாக்கில் கல்பனா வந்துவிடுவார். நான் ஏணிமேல் நின்று வயர் இழுத்த நாட்களில் எனக்கும் சேர்த்து மோர் கொண்டுவந்து தருவார்.

ஆனி மாதத்தில் ஒருநாள், கல்பனா வீடு திரும்பியபோது அப்பா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். மூச்சு மட்டும் இருந்தது. மருத்துவமனையில், இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார்களாம். மறுநாள் அவர் போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரம்! அந்தச் சொல்லைத்தான் கல்பனா இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் செயலாளர் என்னை அழைத்தார். பெட்டியை இயக்கி, இரண்டாம் மாடிப் படிக்கட்டின் பதிவை ஓடவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, கூடையோடு வசந்தா அக்கா இறங்கிப் போகிறார். மூலையில் நேரம்: ஐந்து மணி ஒரு நிமிடம்.

“அஞ்சு மணிக்கே போயிட்டாளா!” என்று கல்பனா தலையில் அடித்துக்கொண்டார். ஆனி மாத வெளிச்சம் ஆறு மணியிலும் ஐந்து மணியைப் போலவே இருக்கும். படத்தில் ஐயப்பட ஒன்றுமில்லை.

துக்கம் விசாரிக்க வந்திருந்த வசந்தா அக்காவை அடுத்த அறைக்கு அழைத்தார்கள். அந்தத் துண்டை மட்டும் நகலெடுத்துத் தரச் சொல்லிவிட்டு எல்லோரும் அங்கே போனார்கள். நான் தனியாக இருந்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது...

ஐந்து இருபத்துநான்கு. படியேறி வருகிறார் கல்பனா!

தோளில் கைப்பை. கையில் பழப்பை. வங்கியிலிருந்து ஆறு மணிக்குத்தான் கிளம்பினேன், வந்து பார்த்தபோது ஆறேகாலுக்கு மேல் இருக்கும் என்று சற்றுமுன் என்னெதிரில் சொன்ன அதே கல்பனா. என் கைப்பேசியில் மணி பதினொன்று பத்து. பெட்டியின் இப்போதைய நேரத்தைப் பார்த்தேன்: பத்து பத்து. பெட்டி ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது.

வசந்தா அக்கா சரியாக ஆறு மணிக்குத்தான் போயிருக்கிறார். சார் விழுந்தது அதற்குப் பிறகு, இருபத்து மூன்று நிமிட இடைவெளிக்குள். குற்றவாளி என்று ஒருவருமே இல்லை!

சுவருக்கு அப்பால் வசந்தா அக்காவின் குரல் கேட்டது. “சத்தியமா ஆறு மணிம்மா! சாருக்குக் காப்பி ஆத்திக் குடுத்து, சேர்ல ஒக்கார வச்சுட்டுத்தான் கெளம்புனேன். ஆறேகால் பஸ்லதான் ஏறுனேன், கண்டக்டர வேணா கேட்டுப் பாருங்கம்மா...”

“அப்ப கேமரா பொய் சொல்லுதா? சொல்லு!” என்றார் கல்பனா.

எழுந்து நாலடி நடந்திருந்தால் போதும். “மேடம், நேரம் தப்பு, என் தப்பு” என்று ஐந்து சொற்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்பனா படியேறும் காட்சியை நிறுத்தினேன். திரையை அணைத்தேன்.

ஏன்? அந்தச் செயலாளர்தான் இரண்டு கல்யாண மண்டபங்களுக்கு என்னைச் சிபாரிசு செய்திருந்தார். நேரம்கூட வைக்கத் தெரியாதவன் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்தேன். இப்போது வேண்டாம், ஆத்திரம் தணிந்ததும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா? இல்லை... அப்போதே நம்பவில்லை.

மறுநாள் வயரைச் சோதிக்க வேண்டும் என்று பொய் சொல்லிப் போய், காபூலைச் சென்னையாக மாற்றினேன். ஒரு நொடி வேலை.

அந்தப் பெட்டி பதினைந்து நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஒவ்வொரு நாளும், இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் சாட்சி இருக்கிறது என்று நினைத்தேன். பதினைந்தாம் நாளும் போயிற்று. கல்பனா படியேறிய காட்சி அழிந்தது. நான் நகலெடுத்துக் கொடுத்த, வசந்தா அக்கா படியிறங்கிய துண்டு மட்டும் கைப்பேசி கைப்பேசியாக ஊர் சுற்றியது. போலீசுக்குப் போகவில்லை, ஏழை என்று விட்டுவிட்டோம் என்று அதையும் பெருந்தன்மையாகப் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு எந்த வீட்டிலும் அவரை வேலைக்கு வைக்கவில்லை.

கல்பனாவுக்கு மட்டும் நான் செய்தது சிறிதா? ஊரிலிருந்து வந்து தன்னோடு தங்கியிருந்த மாமியாரின் அறையில் ஒரு கேமரா வேண்டும் என்று பின்னொரு நாள் கூப்பிட்டார். “இனிமே யாரையும் நம்ப மாட்டேங்க” என்றவர், நான் துளை போடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “அந்த ஒரு மணி நேரமும் அப்பா என்னைக் கூப்பிட்டிருப்பாருல்ல?”

அவர் தந்தை அத்தனை நேரம் கிடக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும்! அந்த ஆறுதல் என் வாயில் இருந்தது. நான் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு, குறுவை அறுப்பு முடிந்த சமயம். குடவாசல் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கேமரா மாட்டப் போனேன். களத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் தலைத்துண்டை விலக்கி என்னையே பார்த்தார். வசந்தா அக்கா. உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. தங்கை வீட்டோடு வந்துவிட்டாராம்.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அவரே அருகில் வந்தார்.

“நல்லாருக்கீங்களா தம்பி?”

“இருக்கேங்க்கா.”

“ஒண்ணு கேக்கணும் தம்பி. ரொம்ப நாளா மனசுல கெடக்கு. நான் ஆறு மணின்னுதான் நெனச்சுக்கிட்டுக் கெளம்புனேன். ஆனா கேமராவுல அஞ்சுன்னு இருக்கே... எனக்குத்தான் புத்தி தடுமாறிப் போச்சா? நீங்கதான மாட்டுனீங்க. அது தப்பாக் காட்டுமா?”

நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். சுற்றிலும் பகல் வெயில். அதட்ட ஆளில்லை, அவசரம் இல்லை. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

“காட்டாதுக்கா” என்றேன்.

அவர் தலையசைத்தார். “அப்ப நாந்தான்... பாவம், சார் தங்கமான மனுசன்” என்று முணுமுணுத்தபடி களத்துக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து நெல்லைத் துழாவத் தொடங்கினார்.

அதன் பிறகு அந்த ஆலைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் பின்வாசல் வழியாக.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் அவருக்கு யாரோ. உங்களிடம் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! குடவாசலுக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது... நான் இன்னும் ஏறவில்லை.