சம்பந்தியம்மாவின் இஸ்திரி போட்ட நெற்றி

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில், மாப்பிள்ளை வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். பெண், கடலூரில் இருக்கும் என் மச்சானின் மகள். போனதும் நான் திகைத்தது பெண்ணைப் பார்த்து அல்ல, பெண்ணின் அம்மா விஜயாவைப் பார்த்து!

நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை... ஒரு மடிப்பு இல்லை.

"என்னம்மா இது?"

"பாண்டிச்சேரில ஊசி போட்டுக்கிட்டேண்ணே. போட்டாக்ஸ். போட்டோல வயசு தெரியக்கூடாதுல்ல?"

தலைவலி வரலாம், இமை தொங்கலாம், முகம் கொஞ்ச நாள் விறைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் டாக்டர் சொல்லத்தான் செய்தாராம். இவள் காதில் விழுந்தது 'பத்து வயசு குறையும்' மட்டும்தான். விளம்பரத்தை முழுசாகக் கேட்கிற நாம், டாக்டரை என்றைக்கு முழுசாகக் கேட்டிருக்கிறோம்?

மாப்பிள்ளையை வளர்த்தது அவருடைய அத்தை. அந்த அம்மா சரி என்றால்தான் தாம்பூலத் தட்டு மாறும். அவருடைய கணவர் போன வருஷம் தவறிவிட்டார். சாவுக்குப் போகாதவர்கள், முதலில் பார்க்கும்போது துக்கம் விசாரித்துவிட வேண்டும் – எங்கள் பக்கத்து வழக்கம். விஜயாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரித்தாள். அத்தை கடைசி நாள் கதையைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினார். விஜயாவின் நெற்றியில் ஒரு சுளிப்பு? ம்ஹூம்!

அத்தை சட்டென்று எழுந்துவிட்டார்.

"நான் எழவைச் சொல்லி அழுவுறேன்... இந்தம்மா டிவில செய்தி வாசிக்கிற மாதிரி உக்காந்திருக்காங்க! இந்தத் திமிரு புடிச்ச வீட்டுலயா பொண்ணு எடுக்கணும்? தட்டைத் தூக்கி உள்ள வைங்கடா!"

மச்சான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்த பெண், பாதிக் கொசுவத்தோடு கதவோரம் வந்து நின்றாள்.

"திமிரு இல்லைங்க... நெத்தில ஊசி போட்டிருக்கேன். சுருங்க மாட்டேங்குது..." விஜயா சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது. அப்போதும் நெற்றியில் ஒரு கோடு விழவில்லை!

அத்தை கிட்டே வந்தார். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, கட்டை விரலால் அந்த நெற்றியை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார்.

"இனிமே அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களான்னு வாயால சொல்லிடுங்க சம்பந்தி!"

கூடமே சிரித்தது. தட்டு மாறியது.

ஊசி நாலைந்து மாசம் தாங்குமாம். கல்யாணமோ தையில், இன்னும் மூணே மாசம். அதற்குள் என் சுருக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே என்று விஜயா இப்போது மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்!