பாட்டி அழுத்தாத மணி

எனக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடியில் இருக்கும் பாட்டிக்குத் தொண்ணூற்று மூன்று. அவள் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. தினம் மூன்று தடவை படியேறிப் போய்ப் பார்ப்பேன். "எதுக்குடி இப்படி மூச்சு வாங்க வர்றே? நான் எங்கயும் ஓடிப் போயிடல" என்பாள்.

யாரிடமும் ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாதவள். தாத்தா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது. கைக்குழந்தையாக இருந்த என் அம்மாவைத் துணிக்கூடையில் படுக்கவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்தொரு வருஷம். துவைக்கிற மிஷின் படுத்துக்கொண்டால் மெக்கானிக் வருவார். இவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். மூன்றாவது தடவை அவர் வருவதற்குள் இவளே கழற்றி மாட்டிவிட்டாள். மனிதர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கண் ஆபரேஷன் முடிந்ததும் இவள் கேட்ட முதல் கேள்வி, "எடுத்ததை எங்க வச்சீங்க டாக்டர்? காட்டுங்க." காட்டும்வரை கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

இப்படி ஒருத்தியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாடு. உதவி செய்யவும் விடமாட்டாள், சும்மா இருக்கவும் நம்மால் முடியாது. அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். ஒரே ஒரு தடவை அவளாக என்னைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜன்னலைச் சாத்து என்று சொன்னால்கூடப் போதும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மணி வாங்கினேன். மாடியில் பொத்தானை அழுத்தினால் கீழே சமையலறையில் அடிக்கும். வந்த அன்றைக்கே அந்தப் பொத்தான் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டாள்.

"ரெண்டு பேட்டரி, ஒரு தகடு. இவ்வளவுதானாடி?"

பழையபடி மாட்டியும் வைத்தாள். அழுத்தத்தான் இல்லை. குக்கர் சத்தத்துக்கு நடுவிலும் நான்தான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அலுத்துப்போனது.

போன மாதம் அவளுடைய ரேடியோ நின்றுபோனது.

"பேட்டரி வாங்கிட்டு வரவா பாட்டி?"

"வேணாம், நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பாடியது. எப்படி என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. கண்ணயர்ந்திருப்பாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு தடவை படியேறுவது மிச்சம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டோடு மேலே போனபோது மணி ஒன்று.

நாற்காலியில் இருந்தாள். கை சில்லிட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், மடியில் ஸ்க்ரூடிரைவர். ரேடியோவின் பின்மூடி திறந்து கிடந்தது, உள்ளே காலி. ஒரு மாதமாக அது பாடியது என் மணியின் பேட்டரியில். பக்கத்தில் பொத்தான் பெட்டியும் திறந்திருந்தது. ஒரு பேட்டரியைச் சரியாக உள்ளே போட்டிருந்தாள். இன்னொன்று அவள் உள்ளங்கையில் இருந்தது.

என்னைக் கூப்பிடத்தான் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பேட்டரியை எடுத்துப் போட்டு, மூடியைத் திருகி, பொத்தானை அழுத்தினேன். கீழே, யாரும் இல்லாத சமையலறையில் மணி அடித்தது.